உமிழ்நீர் வேலை செய்ய நேரம் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை தொடங்கினால் எல்லா நாளிதழ்களின் இணைப்பிதழ்களிலும் என்ன குடிக்கலாம், என்ன சாப்பிடலாம் என்று குறிப்புகள் வரிசைகட்டி வரும். அதில் பல்லுக்கென்று ஒரு மூலை ஒதுக்கினால், எந்த பிரஷ், எந்தப் பேஸ்ட், எத்தனை தடவை தேய்ப்பது என்பதோடு பேச்சு முடிந்துவிடும். உமிழ்நீரைப் பற்றி ஒரு வரிகூட இருக்காது. பல் தேய்ப்பது காலையில் இரண்டு நிமிடம், இரவில் இரண்டு நிமிடம். மீதி நேரம் முழுக்கப் பல்லுக்குக் காவல் உமிழ்நீர்தான். நாம் என்ன சாப்பிடுகிறோம், எத்தனை தடவை சாப்பிடுகிறோம், மென்று சாப்பிடுகிறோமா என்பதைப் பொறுத்து அந்தக் காவல் பலப்படும் அல்லது ஓய்ந்துபோகும். மதுரைப் பக்கத்துச் சாப்பாட்டுப் பழக்கத்தை வைத்தே இதை எழுதுகிறேன்.

ஒரு நாளில் அரை லிட்டரிலிருந்து ஒன்றரை லிட்டர் வரை உமிழ்நீர் சுரக்கிறது. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 0.3 மில்லி அளவில் கசியும். மெல்லும்போது 1 முதல் 3 மில்லி வரை போகும். தூக்கத்தில் ஏறக்குறைய நின்றேவிடும். அதில் 99 சதவீதம் தண்ணீர். மிச்சம் இருக்கும் ஒரு சதவீதத்தில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. அமிலத்தைத் தணிக்கும் பைகார்பனேட், பல்லில் கரைந்துபோன இடத்தை மறுபடி நிரப்பும் கால்சியமும் பாஸ்பேட்டும், வாயின் உட்புறத்தை வழவழப்பாக வைக்கும் மியூசின், கிருமிகளை எதிர்க்கும் ஐஜிஏ, லாக்டோபெரின், லைசோசைம் ஆகியவை. இந்த லைசோசைமை 1922இல் உலகுக்குச் சொன்னவர் அலெக்சாண்டர் பிளெமிங். அவர் பெனிசிலினைக் கண்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான்.

கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பார்த்தால், நாக்கை அடியில் கட்டியிருக்கும் மெல்லிய மடிப்புக்கு இரு பக்கமும் இரண்டு சிறு முண்டுகள் தெரியும். தாடைக்கு அடியில் இருக்கும் சுரப்பிகள் அங்கேதான் திறக்கின்றன. கீழ்முன்பற்களின் பின்பக்கம் சீக்கிரம் காரை பிடிப்பதற்குக் காரணம், கால்சியம் நிறைந்த உமிழ்நீர் அந்த இடத்தில் எப்போதும் தேங்கி நிற்பதுதான். சொத்தை அந்தப் பற்களில் குறைவாக வருவதற்கும் அதுவே பெரிய காரணம். மேல்முன்பற்களின் வெளிப்பக்கத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. அங்கே உமிழ்நீர் மெல்லிய படலமாக, மிக மெதுவாகத்தான் நகரும். பால்பாட்டிலோடு தூங்கும் குழந்தைகளுக்கு மேல்முன்பற்கள் முதலில் கறுத்து, கீழ்முன்பற்கள் கடைசிவரை வெள்ளையாக நிற்பது இதனால்தான்.

இனிப்பு வாயில் பட்டதும் நடப்பதைச் சொல்கிறேன். பல்லில் படிந்திருக்கும் கிருமிப் படலம் சர்க்கரையை ஐந்து நிமிடத்துக்குள் அமிலமாக்கிவிடும். அந்தப் படலத்தின் பிஎச் அளவு (அமிலத்தைக் காட்டும் எண்; அது குறையக் குறைய அமிலம் கூடும்) 7ஐ ஒட்டி இருந்தது, 5.5க்குக் கீழே இறங்கும். அந்தக் கோட்டைத் தாண்டினால் எனாமலிலிருந்து கால்சியம் கரையத் தொடங்கும். ஈறு இறங்கி வேர் வெளியே தெரியும் பல்லுக்கு 6.2, 6.3 அளவே போதும், கரைய ஆரம்பித்துவிடும். பிறகு உமிழ்நீர் வந்து சர்க்கரையைக் கழுவி, அமிலத்தைத் தணித்து, பழைய நிலைக்குக் கொண்டுவர அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகுதான் கரைந்த இடத்தில் கால்சியம் மறுபடி உட்காரத் தொடங்கும். இந்தப் பழுதுபார்ப்புக்கு எவ்வளவு நேரம் கிடைக்கிறது என்பதே முழுக் கேள்வியும்.

நம் ஊரில் ஒருவருடைய சாதாரண நாளை எடுத்துக்கொள்ளுங்கள். காலை எழுந்ததும் ஒரு டீ, பத்தரைக்கு வடையோடு ஒன்று, மதியச் சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நாலு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று, கடை மூடும் நேரத்தில் ஒன்று. இதோடு மூன்று வேளைச் சாப்பாடு. ஒன்பது தடவை வாய் அமிலத்துக்குள் போய் வருகிறது. தடவைக்கு நாற்பது நிமிடம் என்று வைத்தாலும் ஆறு மணி நேரம். ஈரத் துணியைக் கொடியில் போட்டுக் காய்வதற்குள் மறுபடி நனைத்தால் எப்படியோ அப்படித்தான் பல்லின் நிலை. ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் என்றால் சுமார் 8 கிராம் சர்க்கரை. ஆறு டீயில் 48 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, சேர்க்கும் சர்க்கரை மொத்த ஆற்றலில் பத்து சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால் இன்னும் நல்லது. ஐந்து சதவீதம் என்பது பெரியவர்களுக்கு சுமார் 25 கிராம். ஆறு டீயிலேயே அதைப்போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆகிவிடுகிறது.

டீயை விடச் சொல்லவில்லை. சர்க்கரை இல்லாத டீயால் பல் சொத்தையாகாது. தேயிலையில் ஃபுளோரைடும் துவர்ப்புச் சத்தும் இருக்கின்றன. சர்க்கரை போட்ட டீதான் வேண்டும் என்றால், அதைச் சாப்பாட்டோடு சேர்த்துவிடுங்கள். இட்லிக்குப் பின் உடனே குடித்தால் அது தனித் தடவையாகக் கணக்கில் வராது. இடையில் வரும் நாலைந்தை இரண்டாகக் குறைத்து, அவற்றையும் சர்க்கரையில்லாமல் குடித்தால் ஆறு மணி நேரம் மூன்று மணி நேரத்துக்குள் வந்துவிடும். குடித்ததும் ஒரு மடக்குத் தண்ணீரை வாயில் சுழற்றிக் கொப்பளித்து விழுங்கினால் போதும். டீக்கடையில் தண்ணீர் டிரம் வாசலிலேயே இருக்கிறது. டீக்கு முன்னால் குடிக்கும் தண்ணீரைப் பின்னால் குடிப்பதுதான் மாற்றம்.

அளவைவிடத் தடவைதான் கெடுதல் என்பதற்குப் பழைய ஆதாரம் ஸ்வீடனில் இருக்கிறது. அங்கே அறிவுத்திறன் குறைபாடு உள்ளவர்களுக்கான வீப்பெஹோல்ம் காப்பகத்தில் 1940களின் பிற்பாதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் நடந்த ஆய்வில், சாப்பாட்டோடு சர்க்கரை கொடுத்தபோது சொத்தை கொஞ்சமே கூடியது; சாப்பாட்டுக்கு இடையில் ஒட்டும் டாஃபி கொடுத்தபோது மளமளவென்று ஏறியது. வாய்விட்டு ‘வேண்டாம்’ என்று சொல்ல முடியாத நோயாளிகள்மேல் நடத்தியதால் அந்த ஆய்வு அறமற்றது என்று இன்று கண்டிக்கப்படுகிறது. அந்தக் கண்டனம் சரியானது. அதில் கிடைத்த பாடத்தை மறந்தால் அவர்கள் பட்ட வேதனையும் வீணாகிவிடும். பள்ளிக்கூட வாசலில் விற்கும் ஜவ்வு மிட்டாயும் கமர்கட்டும் அந்த டாஃபியின் வகைதான்.

கருப்பட்டி, வெல்லம், நாட்டுச் சர்க்கரை, தேன் ஆகியவை பல்லுக்கு நல்லவை என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது. வாயிலிருக்கும் கிருமிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி வெள்ளைச் சர்க்கரையிலுள்ள அதே சுக்ரோஸ்தான். பருத்திப்பாலில் கருப்பட்டி போட்டாலும் வெள்ளைச் சர்க்கரை போட்டாலும் அமிலம் ஒன்றே. ஜிகர்தண்டாவில் பாலும் உண்டு, நன்னாரி சர்பத்தும் உண்டு. பாலின் கால்சியமும் கேசின் என்ற புரதமும் ஓரளவு காக்கும், சர்பத்தும் ஐஸ்கிரீமும் கெடுக்கும். மதியம் சாப்பிட்டு முடித்த கையோடு ஒரு டம்ளர் குடித்தால் பெரிய பாதகம் இல்லை. நாலு மணிக்கு வாங்கி ஐந்து மணிவரை உறிஞ்சிக்கொண்டிருப்பதுதான் கூடாது. பாட்டில் பானத்துக்கும் இதே விதி. பஸ்ஸில் ஏறும்போது திறந்து, ஊர் போய்ச் சேரும்வரை பத்து நிமிடத்துக்கு ஒரு வாய் குடித்தால், பிஎச் மேலேறவே வழியில்லை.

உப்புப் பண்டம் என்றால் பயமில்லை என்பதும் தவறு. பிஸ்கட், ரஸ்க், சிப்ஸ், சேவு எல்லாம் கடைவாய்ப் பல்லின் பள்ளத்தில் மாவாக அப்பிக்கொள்ளும். உமிழ்நீரிலுள்ள அமைலேஸ் என்ற நொதி அந்த மாவை மால்டோஸ் சர்க்கரையாக உடைக்கும். அப்புறம் கிருமி பார்த்துக்கொள்ளும். இந்த ஊரில் இரவு பதினொரு மணிக்கு பன் பட்டர் ஜாம் சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போகிறவர்கள் ஏராளம். ஒட்டும் மாவு, ஜாம், பிறகு உமிழ்நீரே சுரக்காத ஆறு மணி நேரம். இதைவிட மோசமான சேர்க்கை வேறு எதுவும் எனக்குத் தெரியவில்லை. இரவில் கடைசியாகப் பல் தேய்த்த பின் தண்ணீர் தவிர வேறு எதுவும் வாய்க்குள் போகக்கூடாது.

இனி உமிழ்நீரைக் கூட்டுவது எது என்று பார்ப்போம். முதல் இடம் மெல்லுவதற்கு. மெல்லும்போது அளவு மட்டும் கூடுவதில்லை, சுரக்கும் வேகம் ஏற ஏற அதில் பைகார்பனேட்டும் பல மடங்கு ஏறும். மெல்லாமல் விழுங்கும் கூழும் கஞ்சியுமாகவே வெகுநாள் இருந்தால் காதுக்கு முன்னால் இருக்கும் பரோடிட் சுரப்பி வேலையில்லாமல் சுருங்கும். விலங்குகளில் இதைத் திட்டமாகக் கண்டிருக்கிறார்கள். திரவ உணவிலேயே இருக்கும் மனிதர்களிடமும் சுரப்பு குறைகிறது. மறுபடி கெட்டியான உணவுக்கு வந்தால் சுரப்பி தேறிக்கொள்ளும். அதனால் மாலை நேரத்துக்கு நான் முதலில் சொல்வது அவித்த வேர்க்கடலை. மெல்ல வைக்கும், புரதம் தரும், அதிலுள்ள அர்ஜினைன் என்ற புரதக்கூறை வாயிலுள்ள நல்ல கிருமிகள் அம்மோனியாவாக்கி அமிலத்தைத் தணிக்கும். கொண்டைக்கடலைச் சுண்டல், தட்டாம்பயறு, வெள்ளரி, கேரட், பனங்கிழங்கு, ஆயக்குடிக் கொய்யா எல்லாமே நல்லவை. கொய்யாவைக் கடித்துத் தின்ன வேண்டும். ஜூஸாக அடித்து, சர்க்கரை சேர்த்தால் பலன் தலைகீழாகிவிடும்.

புளிப்பு உமிழ்நீரைச் சுரக்கவைப்பதில் எல்லாச் சுவைக்கும் மேல். புளியோதரையைப் பார்த்தாலே வாய் ஊறும் என்பார்கள். உண்மையில் பார்ப்பதைவிட நாக்கில் படுவதுதான் பெரிய தூண்டுதல். ஆனால் அளவு தெரிந்து பயன்படுத்த வேண்டும். எலுமிச்சைச் சாற்றின் பிஎச் 2லிருந்து 2.5 வரை. பெரிய நெல்லிக்காய் ஒன்றைச் சாப்பாட்டோடு மென்று தின்றால் நன்மை. வாய் வறண்ட ஒருவர் நாள் முழுக்கப் புளிப்பு மிட்டாயை அடக்கிக்கொண்டிருந்தால், தணிக்கப் போதுமான உமிழ்நீர் இல்லாததால் எனாமல் கரைந்து பல் கூச ஆரம்பிக்கும். புளிப்பாக எதைக் குடித்தாலும் உடனே பிரஷை எடுக்காதீர்கள். அமிலத்தில் இளகிய எனாமலைத் தேய்த்து எடுத்துவிடுவீர்கள். தண்ணீரில் கொப்பளித்துவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம்.

அடுத்தது தண்ணீர். உடம்பிலிருந்து தண்ணீர் குறையக் குறைய உமிழ்நீர்தான் முதலில் வற்றும் வரிசையில் நிற்கிறது. உடலின் நீரில் 8 சதவீதம் போய்விட்டால் சுரப்பு ஏறக்குறைய நின்றுவிடும். சித்திரை, வைகாசி வெயிலில் வயல்வேலை, கட்டட வேலை, ஆட்டோ ஓட்டும் வேலை பார்ப்பவர்களுக்கு மதியத்திலேயே வாய் பசையாகிவிடும். அந்த நேரத்தில் தாகத்துக்கு இனிப்புக் குளிர்பானம் குடித்தால், கழுவிவிட ஆளில்லாத வாயில் சர்க்கரை நெடுநேரம் நிற்கும். முதலில் தண்ணீர், அப்புறம் நீர்மோர். மோரில் உப்பு போதும். பானகம் திருவிழாவுக்கு இருக்கட்டும்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் வேலை செய்யும் பெண்களில் பலர் தண்ணீர் குடிக்காமலே நாளைக் கழிக்கிறார்கள். கழிப்பறைக்குப் போய்வர வசதியோ நேரமோ இல்லாததே காரணம். கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. இருக்கையைப் போலவே குடிநீரும் கழிப்பறையும் கிடைத்தால்தான், ‘தண்ணீர் நிறையக் குடியுங்கள்’ என்ற அறிவுரைக்கு அர்த்தம் உண்டு.

சுரப்பியைச் செய்வதும் சாப்பாடுதான். புரதம் போதாத குழந்தையின் உமிழ்நீர் அளவிலும் குறையும், அமிலம் தணிக்கும் சக்தியிலும் குறையும். நெடுங்காலமாகச் சத்துக்குறைவோடு வளர்ந்த இந்தியக் குழந்தைகளிடம் இதை நேரடியாக அளந்து 1992இல் ஆய்வு வெளிவந்திருக்கிறது. வைட்டமின் ஏ குறைந்தால் சுரப்பித் திசுவே நலியும். முட்டை, பருப்பு, பயறு, முருங்கைக்கீரை ஆகியவற்றைப் பல்லுக்கான உணவு என்று யாரும் சொல்வதில்லை. சொல்ல வேண்டும். 2022 செப்டம்பர் 15 அன்று முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் மதுரையில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. வயிறு நிறைந்த பிள்ளை பத்தரை மணிக்குப் பன்னுக்கும் மிட்டாய்க்கும் ஓடாது என்பதால் அந்தத் திட்டம் பல்லுக்கும் செய்யும் நன்மை பெரிது. தட்டைக் கழுவும் குழாயடியிலேயே பிள்ளைகள் ஒரு வாய் கொப்பளித்துவிட்டு வகுப்புக்குப் போக ஆசிரியர்கள் பழக்கினால் செலவே இல்லை.

கீரைக்கு இன்னொரு வேலையும் இருக்கிறது. அரைக்கீரை, சிறுகீரை, தண்டுக்கீரை, பசலை, பீட்ரூட், முள்ளங்கி இவற்றில் நைட்ரேட் அதிகம். சாப்பிட்ட நைட்ரேட் ரத்தத்தில் கலந்ததும், அதில் கால் பங்கை உமிழ்நீர்ச் சுரப்பிகள் இழுத்து மறுபடி வாய்க்கே அனுப்புகின்றன. நாக்கின் பின்பகுதியில் குடியிருக்கும் நல்ல கிருமிகள் அதை நைட்ரைட்டாக மாற்றும். அமிலம் உள்ள இடத்தில் அது நைட்ரிக் ஆக்சைடாகி, சொத்தை உண்டாக்கும் கிருமிகளை அடக்கும். விழுங்கும்போது ரத்தக் குழாய்களுக்கும் அது நல்லது. கீரையை வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டினால் நைட்ரேட்டில் நல்ல பங்கு சாக்கடைக்குப் போகும். கொஞ்சம் தண்ணீரில் வேகவைத்து அப்படியே கடைந்துவிடுங்கள். மருத்துவர் சொல்லாமல் குளோர்ஹெக்சிடின் போன்ற கிருமிநாசினி மவுத்வாஷைத் தினமும் கொப்பளித்தால், நாக்கின் அந்த நல்ல கிருமிகளும் சேர்ந்து செத்துப்போகும். தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999இல் நம் மதுரை அண்ணா நகரில்தான் தொடங்கியது. கீரைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை.

வெற்றிலை பாக்கு போட்டால் எச்சில் ஊறுகிறது, அதனால் நல்லது என்பார்கள். ஊறுவது உண்மை, பாக்கிலுள்ள அரிகோலின் சுரப்பியைத் தூண்டும். ஆனால் பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே உறுதிசெய்துவிட்டது. உமிழ்நீருக்காக அதைப் போடுவதை எந்த விதத்திலும் ஏற்க முடியாது.

குழந்தைகளுக்குக் கொடுக்கும் இருமல் சிரப், காய்ச்சல் சிரப் பலவற்றில் சர்க்கரை உண்டு. படுக்கப்போகும்போது கொடுக்க வேண்டியிருந்தால் மருந்து முதலில், பல் தேய்ப்பது பிறகு.

கடைசியாக வயதானவர்கள். பல் போனதும் டீயில் நனைத்த ரஸ்க்கும் சர்க்கரை போட்ட கஞ்சியும்தான் சாப்பாடு என்று ஆகிவிடுகிறது. மெல்லுவது நின்றதும் சுரப்பு குறைகிறது. இதோடு ரத்தக் கொதிப்புக்கு நீர் பிரியும் மாத்திரை, அரிப்புக்கும் சளிக்கும் மாத்திரை, மனச்சோர்வுக்கு மாத்திரை, இவற்றில் பல உமிழ்நீரைக் குறைப்பவை. சர்க்கரை நோய் கட்டுக்குள் இல்லாவிட்டாலும் வாய் வறளும். மிச்சமிருக்கும் நாலு பல்லின் வேர் ஓரங்களில் ஒரே வருடத்தில் சொத்தை சுற்றி வளைப்பது இந்த வீடுகளில்தான். பல்செட் கட்டி மெல்லவைப்பது, ரஸ்க்குக்குப் பதில் குழைய வேகவைத்த சுண்டலும் காய்க் கூட்டும் கொடுப்பது, அடிக்கடி உறிஞ்ச வெறும் தண்ணீர் வைப்பது, பல் இருந்தால் சைலிட்டால் என்ற மாற்று இனிப்பு கலந்த சர்க்கரையில்லாச் சூயிங்கம் சாப்பாட்டுக்குப் பின் மெல்லச் சொல்வது, இவ்வளவும் வீட்டிலேயே செய்யலாம். சைலிட்டால் நாய்க்கு விஷம், நாய் வளர்ப்பவர்கள் கீழே போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வாய் உண்மையில் வறள்கிறதா என்று அளந்து பார்க்க முடியும். ஒரு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல், குடிக்காமல், பல் தேய்க்காமல் இருங்கள். நிமிர்ந்து உட்கார்ந்து, தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, முதலில் ஊறியதை விழுங்கிவிட்டு, பிறகு பதினைந்து நிமிடம் விழுங்காமல், மெல்லாமல், பேசாமல், சேர்வதை எல்லாம் சிரப் பாட்டிலோடு வரும் அளவு மூடியில் துப்புங்கள். நுரையை விட்டுத் தண்ணீரை மட்டும் பாருங்கள். நாலரை மில்லி அளவில் இருந்தால் நல்லது. ஒன்றரை மில்லிக்கும் குறைந்தால் அது வறட்சி. வெறும் பொரியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்க முடியாமை, இரவில் தண்ணீருக்கு எழுவது, நாக்கு அண்ணத்தில் ஒட்டுவது ஆகியவையும் இதையே காட்டும். அப்படி இருந்தால் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அளவையோ நேரத்தையோ மாற்றித் தர முடியுமா என்று அவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
பல் மருத்துவர் ஒருவர்,
மதுரை